கேட்காமலே நீக்கு

ஓடவிட்டாயிற்று. இனிப் பதின்மூன்று நிமிடத்துக்கு எனக்கும் இந்தக் கம்ப்யூட்டருக்கும் பேச்சு இல்லை. அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன். தொண்ணூற்றாறு நோயாளிகள், ஆளுக்கொரு தாள், தாளுக்கு எட்டு விநாடி. மற்ற இடங்களில் இது கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலையாம், பில்லிங்கில் இருக்கிற பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வாய்த்தது ஸ்கேன் பிரிவில் வேண்டாமென்று தள்ளிவிட்ட மிஷின், அதைக் குறை சொல்லி என்ன. திரை உறைந்து நிற்கிறது, மவுஸை ஆட்டினால் வட்டம் சுற்றுகிறது, அடி ஓரத்தில் மட்டும் எண் மாறுகிறது. பார்த்தவை 6, நீக்கியவை 0. மணி இரண்டு இருபத்தைந்து. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பட்டியல் நோட்டீஸ் போர்டுக்குப் போக வேண்டும், அடுத்த மாதம் யார் எந்தக் கிழமை, எந்த ஷிப்ட், எந்தப் பெட் என்று. நான் எழுதிய மேக்ரோதான், எக்ஸெலில் தானாக ஓடுகிற கட்டளை வரிசை. ஒவ்வொரு தாளாகத் திறக்கும், ‘அடுத்த தேதி’ என்ற கட்டத்தைப் பார்க்கும், தேதி இருந்தால் விட்டுவிடும், காலியாக இருந்தால் தாளையே நீக்கும். எல்லாம் பார்த்து முடித்ததும் எத்தனை இடம் காலியோ அத்தனை பேரைக் காத்திருப்போர் பட்டியலின் தலையிலிருந்து எடுத்து உள்ளே வைக்கும். தானாகச் சேமிக்கும். ரிசப்ஷனில் பிரிண்ட் வந்து விழும். அவ்வளவுதான், இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் காலைக் கீழே ஊன்ற முடியாமல் செருப்புக்குள் விரல் துடித்துக்கொண்டே இருக்கிறது, ஏனென்று தெரியவில்லை.

தெரியவில்லை என்பதும் பொய். இன்றைக்கு ஒரு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறேன், அதனால்தான். அப்ளிகேஷன் டாட் டிஸ்ப்ளேஅலர்ட்ஸ் ஈக்வல் டு ஃபால்ஸ். என்னைக் கேட்காதே என்று அர்த்தம். போன மாதம் வரை ஒவ்வொரு தாளை நீக்கும்போதும் ஓட்டம் நின்று நடுத்திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும், இந்தத் தாள் நிரந்தரமாக நீக்கப்படும், தொடரலாமா என்று. பெட்டிக்குப் பின்னால் அந்த ஆளின் தாள் தெரியும், பேர், வயது, ரத்த வகை, ஒவ்வொரு தடவையும் எத்தனை கிலோ தண்ணீர் இறக்கினோம் என்று வருஷக்கணக்கில் ஓடும் எண்கள். நான் ‘நீக்கு’ என்பதை அழுத்தினால்தான் அடுத்தது ஓடும். இந்தப் பிரிவில் யாரும் ‘இறந்தார்’ என்று எழுதுவதில்லை. டாக்டர் ஃபைலில் எழுதுவார், அது மாடிக்குப் போய்விடும். எங்கள் கம்ப்யூட்டரில் ரெஜினா சிஸ்டர் அடுத்த தேதியை மட்டும் அழித்து வைப்பார், அதுதான் எங்கள் அழுகை. பிறகு மாதக் கடைசியில் நான் வந்து பெட்டியைப் பார்த்து ஆமாம் என்று சொல்ல வேண்டும். இந்த மாதம் மூன்று பேர். போஸ்ட்மேன் கருத்தப்பாண்டி, எழுபத்திரண்டு, பரவாயில்லை என்று மனசைச் சமாளிக்கலாம். செய்யது பாத்திமா பெரியம்மா, நோன்புக் கஞ்சி கொண்டுவந்து முதலில் எனக்கு ஊற்றிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு ஊற்றுவார். மூன்றாவது ஜெஸ்லின். பத்தொன்பது வயது. பி.காம் இரண்டாம் வருஷம், மிஷினில் கை நீட்டிக்கொண்டே இன்னொரு கையால் நோட்ஸ் எழுதுவாள், “எக்கா இந்த மேக்ரோ எனக்கும் சொல்லிக்குடுங்க, காலேஜ்ல பீத்திக்கிடுதேன்” என்பாள். அந்தப் பிள்ளையின் தாளுக்கு முன்னால் ஒரு பெட்டி வந்து தொடரலாமா என்று கேட்டால் நான் என்ன செய்வேன். அதற்காகத்தான் அந்த வரி. அதற்காக மட்டும்தான். இப்படி எத்தனை தடவை சொல்லிக்கொள்ளப் போகிறாய் செண்பகவல்லி. பார்த்தவை 31, நீக்கியவை 1, அது யாராக இருந்தாலும் போய்விட்டார், கேள்வியில்லை, சத்தமில்லை, இவ்வளவு சுலபமா என்று இருக்கிறது. சுலபமாக இருப்பதுதான் பிடிக்கவில்லை.

ஏசி சத்தம். அடுத்த அறையில் மத்தியான ஷிப்ட் ஓடுகிறது, பதினாறு மிஷினும் சேர்ந்து உறுமுகின்றன, இடையில் ஒன்று கீச் கீச்சென்று கத்தும், யாராவது போய் அதன் வாயை அடைப்பார்கள். கொம்பையா இந்தச் சத்தத்தைத் திருநெல்வேலியில் கேட்கிறான். என் தம்பி. முப்பத்துநாலு வயது, டைல்ஸ் ஒட்டுகிறவன், ஊரில் பாதிப் பேர் வீட்டுத் தரை அவன் முழங்கால் பட்டது. செவ்வாய், வியாழன், சனி காலை நாலு பத்து பஸ், நான்கு மணி நேரம் மிஷின், பிறகு அந்த வெயிலில் திரும்ப ஒன்றரை மணி நேரம். இங்கே, அக்கா வேலை பார்க்கிற இடத்தில், அவன் வீட்டிலிருந்து சைக்கிளில் வருகிற தூரத்தில் தொண்ணூற்றாறு இடம் இருக்கிறது, அவனுக்கு இல்லை. எட்டு மாதமாகக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறான். பதினேழாவதாகச் சேர்ந்தான், இப்போது நான்காவது. நான் அந்தப் பட்டியலில் ஒரு பேரைக்கூட முன்னே பின்னே நகர்த்தியதில்லை, எம்.எல்.ஏ வீட்டிலிருந்து போன் வந்தபோதும் நகர்த்தவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்றுகூடச் சொல்லலாம். நேற்று திரும்பி வரும்போது கயத்தாறு தாண்டியதும் பஸ்ஸிலேயே அவனுக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. கண்டக்டர் மூன்று பேர் சீட்டைக் காலிபண்ணிப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாராம். அவன் பெண்டாட்டி போனில் சொல்லிவிட்டு, “மதினி, அடுத்த தடவை பஸ்ஸோட போயிருவாவளோன்னு பயமா இருக்கு” என்றாள். என்ன சொல்வது நான். பட்டியல் நாளைக்கு வருது பாப்போம் என்றேன். காலையில் டீ குடிக்கும்போது விரல் விட்டு எண்ணினேன். கருத்தப்பாண்டி, பெரியம்மா, ஜெஸ்லின். மூன்று. அவன் நான்காவது. ஒன்றில் போயிற்றே என்று நினைத்தேன். நினைத்துவிட்டு டீயைக் கீழே ஊற்றினேன், ஏனென்றால் அந்த ஒன்று என்பது என்ன என்று எனக்குத் தெரியாதா. இன்னும் ஒருத்தர் செத்திருக்கக் கூடாதா என்றுதானே நினைத்தேன். மூன்று வருஷமாக இவர்களுடைய பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிக் கொடுப்பவள்.

நீக்கியவை 4. பார்த்தவை 66. இல்லை, கண் தவறு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டாலும் நாலுதான். அடுத்த எட்டு விநாடியில் 67 ஆயிற்று, நாலு நாலாகவே நிற்கிறது. நான் எண்ணியதில் யாரையோ விட்டிருப்பேன். கருத்தப்பாண்டி, செய்யது பாத்திமா, ஜெஸ்லின். கருத்தப்பாண்டி, பெரியம்மா, ஜெஸ்லின். நான்காவதாக யார் செத்தது எனக்குத் தெரியாமல். இங்கே ஒருத்தர் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் துப்புரவுப் பணியாளர் வரைக்கும் தெரிந்துவிடும். யாரும் சாகவில்லை. அப்படியென்றால் உயிரோடு இருக்கிற ஒருவருடைய தேதிக் கட்டம் காலியாக இருந்திருக்கிறது. யாருடையது. யாருடையது என்று கேட்கிறாயே, வெட்கமாக இல்லையா, காலை பதினொரு மணிக்கு நீயே பார்த்தாய். மைக்செட் சொரிமுத்து அண்ணாச்சி. போன் நம்பர் வேண்டுமென்று டெக்னீஷியன் கேட்டான், தாளைத் திறந்தாய், தேதி காலி. பேத்தி காதுகுத்துக்குக் கோயம்புத்தூர் போயிருக்கிறார், பத்து நாள், அங்கேயே ஒரு இடத்தில் மிஷின் ஏற்பாடு பண்ணிவிட்டுத்தான் போனார். ரெஜினா சிஸ்டருக்கு ஒரு பழக்கம், பயணம் போகிறவர்களுக்குத் திரும்பி வரும் தேதியை எழுதமாட்டார். “போயிட்டு நல்லபடியா வரட்டும் செண்பகம், வந்தப்பறம் எழுதிக்கலாம், முன்னாடியே எழுதி வைக்கப்படாது” என்பார். எழுதி வைத்தால் வராமல் போய்விடுவார்களாம். நர்சிங் படித்து முப்பது வருஷம் சர்வீஸ் உள்ளவர், கழுத்தில் ஜெபமாலை, அவருக்கே இந்தப் பயம். அதனால் எங்கள் கம்ப்யூட்டரில் ஊருக்குப் போனவருக்கும் காலி, உலகத்தைவிட்டுப் போனவருக்கும் காலி. இதற்கு முன்னாலும் இரண்டு தடவை இப்படி ஆகியிருக்கிறது, அப்போது பெட்டி வந்தது, பின்னால் பேரைப் பார்த்தேன், ஐயோ இவர் திருச்செந்தூருக்கல்லவா போயிருக்கிறார் என்று ‘வேண்டாம்’ அழுத்தினேன், சிரித்துக்கொண்டே. அந்தப் பெட்டிதான் இவர்களுக்கும் எனக்கும் நடுவில் இருந்த ஒரே காவல். அதன் வாயைத்தான் இன்று பன்னிரண்டு மணிக்கு நான் கட்டினேன். பதினொரு மணிக்குக் காலிக் கட்டத்தைப் பார்த்தவள். பார்த்ததும் சிஸ்டரிடம் கேட்டுத் தேதி போட வேண்டும் என்று நினைத்தவள். நினைத்துவிட்டு டீக்குப் போனவள். டீயில் ஒன்றில் போயிற்றே என்று எண்ணியவள். திரும்பி வந்து உட்கார்ந்து, ஜெஸ்லினுக்காக என்று சொல்லிக்கொண்டு, அந்த வரியை அடித்தவள். மறந்துதான் போனேன். சத்தியமாக மறந்துதான் போனேன். மறந்தது உண்மையென்றால் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது.

பார்த்தவை 79. இன்னும் பதினேழு தாள், இரண்டே கால் நிமிடம். பிறகு சேமித்துவிடும், சேமித்தால் போயிற்று, மேக்ரோ செய்ததைத் திரும்பப் பெற முடியாது. எஸ்கேப் அழுத்தினால் நிற்கும். இடது கை ஓரத்தில் இருக்கிறது, விரலுக்கு எட்டாத தூரமில்லை. அழுத்து. அழுத்தாவிட்டால் என்ன ஆகும், அதையும் பார்த்துவிடு. மூன்று மணிக்குப் பட்டியல் வரும், கொம்பையா பேர் அதில் இருக்கும். நாளைக்கு அவன் நாலு பத்து பஸ்ஸுக்குப் போவது கடைசித் தடவை. யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். பட்டியல் கம்ப்யூட்டர் போட்டது, தேதி எழுதாதது ரெஜினா சிஸ்டர், நான் என்ன செய்வேன் என்று கையை விரிக்கலாம், நம்புவார்கள், பேரை நகர்த்தாதவள் என்று எனக்குப் பேர் இருக்கிறது. எட்டு மாதத் திமிர் இன்றைக்கு உதவும். சொரிமுத்து அண்ணாச்சிக்கு அறுபத்து மூன்று, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார், மகள் கோயம்புத்தூரில் வசதியாக இருக்கிறாள், அங்கேயே இருந்துவிட்டால் ஆகாதா. கொம்பையாவின் மகள் ஒன்றாம் வகுப்பு. பார்த்தவை 84. ஆனால் அவர் இருக்கமாட்டார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் பாட்டுக்கு வருவார், கக்கத்தில் பெட்ஷீட், கையில் பிளாஸ்க், ஒன்பதாம் நம்பர் பெட்டில் வேறொருவர் படுத்திருப்பதைப் பார்ப்பார். சத்தம் போடமாட்டார், வாழ்க்கை முழுக்கக் கல்யாண வீடுகளில் ஸ்பீக்கர் குழாய் கட்டிச் சத்தம் போட்டவர் என்பதாலோ என்னவோ, மனுஷன் பேசுவதே மெதுவாகத்தான். வெளியே பெஞ்சில் உட்காருவார். கால் வீங்கும். செவ்வாய்க்கிழமை இன்னும் வீங்கும். புதனுக்கு மூச்சு வாங்கும். அவர் பேரைக் காத்திருப்போர் பட்டியலில் பதினேழாவதாக நானே அடிப்பேன், இந்தக் கையால். பார்த்தவை 90. தம்பிக்கு இடம் வேண்டும், வேண்டும், வேண்டும், அதை ஏன் மறைக்க வேண்டும், அவன் காலைப் பிடித்துக்கொண்டு வந்த கண்டக்டர் முகம்கூட எனக்குத் தெரியாது. இப்படிக் கிடைத்தால் அவன் ஒவ்வொரு தடவை அந்தப் பெட்டில் படுக்கும்போதும் நான் பக்கத்து அறையில் இருப்பேன். 93. யாராவது வந்து என்னைக் கூப்பிட்டால் நன்றாக இருக்கும். யாரும் வரவில்லை. 94. விரல் போய்விட்டது, நான் அனுப்பினேனா அதுவாகப் போயிற்றா சொல்லத் தெரியவில்லை, எஸ்கேப்பை ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை குத்தினேன். திரை குலுங்கி நின்று நடுவில் ஒரு பெட்டி வந்தது. ஓட்டம் தடைப்பட்டது, தொடரவா, முடிக்கவா. எல்லாக் கேள்வியையும் அடைத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன், இதை யாராலும் அடைக்க முடியாது போலிருக்கிறது. முடி. ஃபைலை மூடினேன், மாற்றங்களைச் சேமிக்கவா என்றது. வேண்டாம். திரும்பத் திறந்து சொரிமுத்து என்று தேடினேன். இருந்தார். பி பாசிட்டிவ், அறுபத்திரண்டு கிலோ, ஒன்பதாம் நம்பர் பெட், முழுசாக இருந்தார். நான் அழுதேன், அதில் சந்தோஷம் மட்டும் இருந்ததாகச் சொன்னால் அது பொய்.

போன் போட்டேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தார், பின்னால் பிள்ளைகள் சத்தம், பாத்திரச் சத்தம். “அண்ணாச்சி, டயாலிசிஸ்லருந்து செண்பகவல்லி பேசுதேன். எப்பம் வாரீங்க?” என்றதும் அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது, மனுஷன் வாசலுக்கு வந்துவிட்டார் போல. “என் எடம் போயிருச்சா தாயி?” என்றார். வேறு எதையும் கேட்கவில்லை, முதல் கேள்வியே அதுதான். காதுகுத்து வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் போன நாளிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். “போகல அண்ணாச்சி. தேதி போடணும், அதுக்குத்தான் கேட்டேன்.” “ஞாயித்துக்கெளம ராத்திரி வந்துருவேன். திங்கக்கெளம காலைல ஆறு மணிக்கு அங்கன நிப்பேன். எழுதிக்கோ தாயி, நல்லா எழுதிக்கோ.” எழுதினேன். ரெஜினா சிஸ்டர் திட்டினால் திட்டட்டும். பிறகு மேக்ரோவைத் திறந்து அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன், மூன்று மணி தாண்டினால் தாண்டட்டும் என்று. பெட்டி மூன்று தடவை வந்தது. கருத்தப்பாண்டி, தொடரலாமா, தொடரலாம். செய்யது பாத்திமா பெரியம்மா, தொடரலாம். ஜெஸ்லின். அங்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் தாளை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தேன், பெட்டிக்குப் பின்னால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவும். பிறகு அழுத்தினேன்.

மூன்று பத்துக்குப் பட்டியல் ஒட்டினார்கள், மூன்றே காலுக்குக் கொம்பையா போன் வந்தது. யாரோ சொல்லியிருப்பார்கள். “எக்கா, நம்ம பேரு இல்லையாமே” என்றான். “இல்லடா. இப்பம் நீதான் முதல் பேரு.” “அப்பம் அடுத்த மாசம்,” என்றான். நான் அதோடு விட்டிருக்க வேண்டும், எந்த அக்காவும் விட்டிருப்பாள். எனக்கு வாய் நிற்கவில்லை. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, அவனிடம்தான் கொட்ட முடியும் என்று தோன்றியது, கொட்டிவிட்டேன், இன்னைக்கு உனக்கு ஒரு எடம் வந்துச்சு கொம்பையா, மைக்செட் சொரிமுத்து அண்ணாச்சி எடம், தப்பா வந்துச்சு, சும்மா இருந்திருந்தா கெடச்சிருக்கும், நான்தான் நிப்பாட்டினேன் என்று. “அவரு என் கல்யாணத்துக்குக் குழாய் கட்டுனவருல்லா,” என்றான். “ஆமா.” “இருக்காரா?” “இருக்காரு, பேத்தி காதுகுத்துக்குப் போயிருக்காரு.” “அப்பம் நீ செஞ்சது சரிதான்.” அதைக் கேட்கத்தான் சொன்னேன் போலிருக்கிறது, நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிற்று, இறங்கிய கையோடு அவன் மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னான். “எங்கிட்ட எதுக்குக்கா சொன்ன? எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்லா. நாளைக்கு பஸ்ஸுல இத நெனச்சுக்கிட்டே போணும்.” நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் சரி வைக்கேன் என்று வைத்துவிட்டான்.